பெயின்ட்பால் துப்பாக்கி: பேரல் மாற்றும் முன் காற்றை மாற்றுங்கள்

பெயின்ட்பால் (சாயக் குண்டுகளால் சுட்டு ஆடும் விளையாட்டு) ஆட டிப்மேன் 98 கஸ்டம் துப்பாக்கி வாங்கியிருக்கிறீர்கள், தொடர்ந்து சுட்டால் குண்டுகள் பாதி வழியிலேயே விழுகின்றன, நீளமான பேரல், அதாவது குண்டு வெளியேறும் குழாய், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பேரல் நீளத்தால் தூரம் கூடாது, 12 முதல் 14 அங்குலமே தாராளம். கோளாறு பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரில்தான்: வேகமாகச் சுடும்போது உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி சிலிண்டரைக் குளிர வைக்கிறது, அழுத்தம் இறங்குகிறது, குண்டின் வேகமும் கூடவே போய்விடுகிறது. உயர் அழுத்தக் காற்று டேங்குக்கு மாறுங்கள், ரெகுலேட்டர் இருப்பதால் அழுத்தம் ஏறி இறங்காது. மாற்றியதும் குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேகம் பாருங்கள், மைதானங்களில் பொதுவாக நொடிக்கு 300 அடிதான் உச்சவரம்பு.

அப்புறம் பேரலைக் கழற்றி ஒரு குண்டைப் போட்டுப் பாருங்கள். தானாக உருண்டு வெளியே வந்தால் துளை பெரிது, குறி தவறும். லேசாக நின்று, ஊதினால் வெளியே வந்தால் சரியான பொருத்தம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று, மாஸ்க் வாடகையா சொந்தமா? சொந்தமாக இல்லையென்றால் முதல் காசை அதில் போடுங்கள், பனி படியாத இரட்டைக் கண்ணாடி உள்ளதாக. கண் விஷயம், ஆட்டத்தின் நடுவில் துடைக்கக்கூட மாஸ்க்கைக் கழற்றவே கூடாது.