சுவருக்குப் பாதிப் பணம் தருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் இப்போது மறுக்கிறார்

கேள்வி: கொடுங்கையூரில் 30-க்கு 50 அடி மனையில் எங்கள் வீடு. பக்கத்து மனைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த தகர வேலி சாய்ந்துவிட்டது. அவர் மனை மேடு, எங்களுடையது பள்ளம்; மழைத் தண்ணீர் எங்கள் வாசலுக்குத்தான் வரும். காம்பவுண்டுச் சுவர் பேச்சை எடுத்தபோது, "நீங்க கட்டுங்கக்கா, பாதி நான் தர்றேன்" என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. மேஸ்திரி போட்ட கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சரிக்கா" என்று பதில் போட்டார். 50 அடிச் சுவருக்கு 1,28,000 ரூபாய் ஆனது. ஒரு மழைக்காலம் போனபின், "சுவர் உங்களுக்குத்தான் தேவை, அதுவும் என் இடத்துல அரை அடி ஏறியிருக்கு" என்கிறார். அதே சுவரில் ஆணி அடித்து ஷீட்டும் இறக்கியிருக்கிறார். பாதிப் பணத்தை வாங்க முடியுமா?
- கொடுங்கையூர் வாசகி

பதில்: வாங்க வழி இருக்கிறது, அம்மா. ஆனால் எல்லைச் சுவர் என்றாலே செலவு ஆளுக்குப் பாதி என்று நம் ஊரில் சட்டம் எதுவும் இல்லை. இருப்பதாக நினைத்துப் பலர் போலீஸ் ஸ்டேஷன் வரை போய்விடுகிறார்கள். அவர் முதலிலேயே முடியாது என்றிருந்தால் நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது. உங்கள் பலம் அவர் கொடுத்த வாக்கு.

இந்த மாதிரி விஷயத்தில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதற்கு எழுத்து கேட்பதில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் 1886-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உங்களுக்கு அப்படியே பொருந்தும். ஹவுராவில் டவுன் ஹால் கட்ட 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்ட ஒருவர் பிறகு மறுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் கட்டட ஒப்பந்தம் போட்டார்கள், ஆகவே பணத்தைத் தந்தாக வேண்டும் என்று தீர்ப்பானது. நீங்களும் அவர் சொன்னதை நம்பித்தானே மேஸ்திரியை வரவழைத்தீர்கள்?

அதனால் அந்த "சரிக்கா" மிக முக்கியம். போனை மாற்றினாலும் அதை அழித்துவிடாதீர்கள். கோர்ட்டில் காட்டுவதற்கு, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். செங்கல், சிமெண்ட் பில்களையும் மேஸ்திரியின் ரசீதையும் இப்போதே ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

"சுவரை அனுபவிக்கிறார் இல்லையா, தரட்டும்" என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம் என்று மறுக்கும் வாய்ப்பு எதிராளிக்கு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு விளக்கம் தந்திருக்கிறது. கட்டி நிற்கும் சுவரை அவர் எப்படித் திருப்பித் தருவார்? துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி இறங்க வேண்டாம்.

பணம் கேட்பதற்கு முன் நீங்கள் ஒன்றை முடிவு செய்யவேண்டும். பாதிப் பணம் வாங்கினால் அது பொதுச் சுவர் ஆகும். ஷீட் இறக்கவும் செடி படரவிடவும் அவருக்கும் உரிமை வரும். உங்களைக் கேட்காமல் அவர் இடிக்க முடியாது, அவரைக் கேட்காமல் நீங்களும் இடிக்க முடியாது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படித்தான், பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தியிலேயே பொதுச் சுவர் என்று எழுதியிருப்பார்கள். அதற்கு மாறாக, சுவர் முழுக்க உங்கள் மனைக்குள் நின்று செலவும் உங்களுடையது என்றால், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று அவரைத் தடுக்கலாம். 64,000 ரூபாயும் வேண்டும், சுவரும் எனக்கு மட்டும்தான் என்றால் நியாயமாகாது.

அரை அடி விஷயத்துக்கு வாக்குவாதம் பயன்படாது, அளக்க வேண்டும். தாலுகா ஆபீஸில் எல்லை அளவீட்டுக்கு விண்ணப்பித்துப் பணம் கட்டினால், அவருக்கும் தகவல் சொல்லிவிட்டு சர்வேயர் வந்து அளப்பார். சுவர் சரியான இடத்தில் நின்றாலும் அஸ்திவாரம் அகலமாகி அடுத்த மனைக்குள் போயிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மேஸ்திரியிடம் இதைக் கேட்டுவிடுங்கள். அளவில் அவர் சொல்வது சரி என்றால், சுவரை எடுக்கச் சொல்லி அவர் வழக்குப் போட இடமுண்டு. ஆகவே நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் அளவு முடிந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்றது இன்னொரு வரி. மழைக்காலம் போனபிறகுதான் அவர் பேச்சு மாறியிருக்கிறது. அவர் மனை மேடு, நடுவில் 50 அடிக்குச் சுவர். தண்ணீர் போக வழி விட்டீர்களா? விடவில்லை என்றால் இந்த மழையில் அவர் வாசலில்தான் தேங்கியிருக்கும். கொடுங்கையூர் மழை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டு நிலத்தில் விழும் மழை இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு இறங்குவதைப் பள்ளத்துக்காரர் தடுக்கக் கூடாது என்பதை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு மேட்டுக்காரரின் உரிமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அவர் வாய்விட்டுச் சொல்லாத குறை இதுவாக இருந்தால், சட்டம் அந்த இடத்தில் அவர் பக்கம். சுவரின் அடியில் நாலைந்து இடத்தில் பைப் வைத்து, உங்கள் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் எடுத்துத் தெருவின் மழைநீர் வடிகாலில் சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் கொத்தனார் வேலை. பணத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசிப் பாருங்கள். தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய மனிதர், தண்ணீர் வடிந்தால் பேச்சும் இறங்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படியும் தரவில்லை என்றால் நேராக வழக்குக்குப் போகவேண்டாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடாமலே லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு வரும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு வக்கீல் இலவசம். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். சமாதானம் ஆனால், சுவர் பொது, செலவு சரிபாதி, தண்ணீர் வழி இது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சுவரில் உரிமை தருவதாக அதில் எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு தேவைப்படும், வெறும் பண ரசீதுக்கு வேண்டாம்.

பேச்சிலேயே வருடங்கள் ஓடிவிட விடாதீர்கள். பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலக்கெடு. சுவர் வேலை முடிந்த தேதியிலிருந்தே அதை எண்ணத் தொடங்குங்கள்.