ஆட்டோமேட்டிக் எஃப்-150க்கு மேனுவல் கியர்பாக்ஸ் போடலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். என்னிடம் 1991 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் இருக்கிறது. 5.0 லிட்டர் வி8, டூவீல் டிரைவ், ஏஓடி என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக். நாலாவது கியருக்குப் போகும்போது வழுக்குகிறது. ரீபில்டுக்குக் கொட்டும் பணத்தில் ஐந்து கியர் மேனுவல் போட்டுவிடலாமா? கியர்பாக்ஸ் கிடைத்தால் போதும், ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்கிறார் நண்பர்.

பதில்: போடலாம். இதே வண்டியை இதே எஞ்சினோடு ஃபோர்டே மேனுவலாகவும் விற்றது. 1988 மாடல் முதல் எஃப்-150இல் வந்த எம்5ஓடி-ஆர்2 என்ற ஐந்து கியர் பெட்டிதான் உங்களுக்கு வேண்டியது. மாஸ்டா வடிவமைத்தது. எல்லாப் பாகமும் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஏதோ ஒரு யார்டில் கிடக்கிறது, எதையும் கடைந்து எடுக்க வேண்டாம். ஆனால் சனி ஞாயிறு கணக்கை நம்பாதீர்கள். இந்த வேலையில் கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டுவதுதான் சுலபமான பகுதி.

அதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து ஒன்றைப் பாருங்கள். ஏஓடியில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை எஞ்சினிலிருந்து வரும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள்தான் கியர்பாக்ஸுக்குச் சொல்கிறது, அதை வைத்துத்தான் உள்ளே ஆயில் அழுத்தம் ஏறி இறங்குகிறது. கேபிள் தளர்ந்தாலோ, முனையில் இருக்கும் சின்ன புஷ் நொறுங்கினாலோ அழுத்தம் விழுந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கும். அப்படியே ஓட்டினால் சீக்கிரமே கருகிவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் சிவப்பாக, தீய்ந்த வாடை இல்லாமல் இருந்தால் புஷ்ஷை மாற்றி, கேபிளைச் சரியாக வைத்து ஓட்டிப் பார்க்கலாம். கறுத்து நாறினால் பெட்டி முடிந்தது, தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து பலரும் யோசிக்காத விஷயம், பின் ஆக்ஸில் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. ஏஓடியின் ஓவர்டிரைவ், அதாவது நாலாவது கியர், 0.67. எம்5ஓடியின் ஐந்தாவது கியர் 0.80. அதாவது அதே வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 19 சதவீதம் அதிகமாகச் சுற்றும். வழக்கமான 235/75 ஆர்15 டயரும் 3.55 ஆக்ஸிலும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 70 மைலில் இப்போது சுமார் 1,940 ஆர்பிஎம். மாற்றிய பிறகு சுமார் 2,310. தினமும் ஹைவேயில் போகிறவர் என்றால் பெட்ரோலிலும் சத்தத்திலும் இது தெரியும். உங்கள் வண்டியில் 3.08 இருந்தால் கவலையில்லை, 2,000 பக்கத்திலேயே நிற்கும். எது இருக்கிறது என்று டிரைவர் கதவு ஓரத்து லேபிளில் ஆக்ஸில் குறியீடு சொல்லும்: 18 என்றால் 3.08, 19 என்றால் 3.55. இன்னொரு பக்கம், முதல் கியர் 2.40இலிருந்து 3.90 ஆகிறது. பாரம் ஏற்றிக்கொண்டு நகரும்போது வண்டி ஆளே மாறிவிடும்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் கியர்பாக்ஸைத் தேடாதீர்கள், முழு வண்டியைத் தேடுங்கள். அடிபட்ட, துருப்பிடித்த, ஆனால் கியர் விழுகிற ஒரு மேனுவல் எஃப்-150. பெடல் அமைப்பு, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், அதன் குழாய், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வரும் தகடு, கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், தரையில் லீவரைச் சுற்றி வரும் மூடி, ஒயரிங் முனைகள் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு நடை. அந்த வண்டி டூவீல் டிரைவாகத்தான் இருக்க வேண்டும், ஃபோர்வீல் பெட்டியின் பின்பக்கம் வேறு. 1988 முதல் 1991க்குள் இருப்பதும் முக்கியம். 1992இலிருந்து ஸ்பீடோமீட்டர் பின் ஆக்ஸில் சென்சாருக்கு மாறிவிட்டது, அந்தப் பெட்டியில் உங்கள் ஸ்பீடோ கேபிளுக்கு இடம் இல்லாமல் போகலாம்.

இங்கேதான் ஒரு பெரிய பொறி. யார்டில் அதிகம் கண்ணில் படும் மேனுவல் எஃப்-150, 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் வண்டி. அதன் கியர்பாக்ஸ் உங்கள் வி8க்கு அப்படியே பொருந்தும், இரண்டு எஞ்சினுக்கும் பின்பக்க போல்ட் அமைப்பு ஒன்றுதான். ஆனால் ஃப்ளைவீல், அதாவது எஞ்சின் பின்னால் கிளட்ச் உட்காரும் கனமான சக்கரம், பொருந்தாது. மாட்டினால் மாட்டிக்கொள்ளும், அதுதான் ஆபத்து. ஆறு சிலிண்டரின் ஃப்ளைவீலில் சமன்படுத்தும் எடை கிடையாது. உங்கள் 5.0க்கு 50 அவுன்ஸ்-அங்குலம் எடை வைத்த ஃப்ளைவீல் வேண்டும். 1981 வரையிலான 5.0க்கும், 5.8க்கும் 28. கடைக்காரரிடம் வெறுமனே ஃபோர்டு வி8 என்று சொன்னால் இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். தவறானதைப் போட்டால் வேகம் ஏற ஏற எஞ்சின் உதறும், மெயின் பேரிங் தேயும், காரணம் புரியாமல் நீங்கள் டயரையும் மவுண்ட்டையும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ஃபோர்டு மஸ்டாங் காரின் ஃப்ளைவீலில் எடை சரியாக இருந்தாலும் ஓரத்தில் 157 பல். பிக்கப்புக்கு 164 பல். ஸ்டார்ட்டர் சரியாகக் கடிக்காது.

ஃப்ளைவீல் போல்ட்டுகளும் மேனுவலுக்கானவையாக இருக்கட்டும். ஆட்டோமேட்டிக்கில் இருப்பது மெல்லிய தகடு, அதன் போல்ட்டுகள் குட்டை. துளைகள் எஞ்சின் உள்ளே திறப்பதால் மரைக்கு சீலண்ட் தடவி, 75 முதல் 85 பவுண்ட்-அடி வரை இறுக்குங்கள். கிராங்க் முனையில், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் போட மறக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் அது இருக்காது. எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு ஞாபகம் வந்தால் அழுகைதான்.

கிளட்ச் பக்கம் இந்தத் தலைமுறை ஃபோர்டுகளின் பலவீனம் ஃபயர்வால், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு. மாஸ்டர் சிலிண்டர் பதிந்திருக்கும் இடத்தில் தகடு மெல்லியது. வருடக்கணக்கில் மிதித்து மிதித்து அது வளையும், விரிசல் விடும். பெடல் முழுசாகப் போனாலும் கிளட்ச் விடாது, மெக்கானிக் மாஸ்டரை மாற்றிக்கொண்டே இருப்பார். உங்கள் ஃபயர்வால் இதுவரை கிளட்ச் பாரத்தைச் சந்திக்காதது. துளை போடும்போதே உள்ளும் புறமும் ஒரு இரும்புத் தகட்டை வைத்து வலுப்படுத்துங்கள். பெடல் ஷாஃப்டின் புஷ்களையும் புதிதாகப் போடுங்கள்.

மாஸ்டர் தள்ளும் ஆயிலால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் எம்5ஓடிக்குள், கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அது ஒழுகினால் மறுபடி பெட்டியைக் கீழே இறக்க வேண்டும். எனவே யார்டில் வந்தது நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றுக்கும் இதே நியாயம். காற்று வெளியேற்றுவது எரிச்சலான வேலை. மாஸ்டரையும் குழாயையும் வண்டியில் ஏற்றும் முன் மேசையிலேயே டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றி நிரப்பிவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

பெட்டி வெளியே இருக்கும்போதே மேல் மூடியின் பின்பக்கம் பாருங்கள், மூன்று ரப்பர் அடைப்புகள் இருக்கும். அவை காய்ந்து ஆயில் மெதுவாகக் கசிந்து, யாரும் கவனிக்காமல் எம்5ஓடி செத்துப்போவது அடிக்கடி நடப்பது. இரும்பு அடைப்பாக மாற்றிவிடுங்கள், சில டாலர் செலவு. இதில் ஊற்றுவது கெட்டியான கியர் ஆயில் கிடையாது, மெர்கான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), ஏறத்தாழ 3.6 லிட்டர்.

ஒயரிங்கில் உங்களுக்கு அதிர்ஷ்டம். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இ4ஓடி ஆட்டோமேட்டிக் பெட்டி இருந்திருந்தால், அதாவது டேஷ்போர்டில் ஓவர்டிரைவ் நிறுத்தும் பட்டன் இருந்திருந்தால், எஞ்சின் கம்ப்யூட்டரே அந்தப் பெட்டியைத் தேடிப் புகார் செய்யும், மேனுவலுக்கான கம்ப்யூட்டர் போட வேண்டியிருக்கும். ஏஓடி அப்படிக் கட்டிப்போடவில்லை. நியூட்ரல் ஸ்விட்சில் இருந்த ஸ்டார்ட் ஒயரைக் கிளட்ச் பெடல் ஸ்விட்சுக்குக் கொண்டுபோங்கள். வெறுமனே முறுக்கி இணைத்துவிட்டால் கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகிப் பாயும். ரிவர்ஸ் விளக்கு ஒயரைப் புதுப் பெட்டியின் ஸ்விட்சுக்கு மாற்றுங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் கிளட்சை மிதித்ததும் அது விடுகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரில் ஆட்டோமேட்டிக்குக்கான ஆயில் குழாய் வாய்களை மூடிவிட்டால் போதும். ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் கம்பி உறுத்தினால் பிறகு மாற்றலாம்.

டெக்சாஸில் 24 வருடத்தைத் தாண்டிய வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை, அந்தக் கவலை வேண்டாம். இன்சூரன்ஸ்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பணத்தை மட்டும் பார்த்தால் நல்ல ஆளிடம் ஏஓடியை ரீபில்ட் செய்வதுதான் பெரும்பாலும் மலிவு. மேனுவல் ஓட்டப் பிடிக்கும் என்பதற்காகச் செய்தால் செய்யுங்கள், மிச்சம் பிடிக்கச் செய்யாதீர்கள். அடிக்கடி கனமான ட்ரெய்லர் இழுப்பவர் என்றால் எம்5ஓடியும் வேண்டாம், எஃப்-250இல் வந்த இசட்எஃப் எஸ்5-42 தேடுங்கள். அது எடை கூடுதல், விலையும் கூடுதல். எதுவானாலும் வண்டி இரண்டு மூன்று வாரம் ஜாக் ஸ்டாண்டில் நிற்கும். அதுவரை வேலைக்கு எதில் போவது என்று முதலில் ஏற்பாடு செய்துகொண்டு யார்டுக்குப் போங்கள்.