தொலைதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயணத்தில் வழி தவற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நம்பி, ஒரு பழைய நகரத்தில் செல்பேசியை அணைத்துவிட்டு நடந்தேன். ஆற்றைப் பார்த்தேன், மணிக்கூண்டைப் பார்த்தேன், விடுதி மட்டும் அகப்படவில்லை. இருட்டியதும் பயந்துவிட்டேன். இதில் அப்படி என்ன இருக்கிறது? இணையமில்லாமல் இயங்கும் வரைபடச் செயலி எது நல்லது?

க.

அன்புள்ள க.,

செயலி எதுவானாலும் சரி. ஊர் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்தால் போதும், இருப்பிடம் காட்ட இணையம் வேண்டாம்.

தெரியாத ஊரில் இருட்டு யாரையும் கலங்கடிக்கும், அதற்காக வெட்கப்படாதீர்கள். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் வழி தேடவே இல்லை. ஆறு விடுதிக்கு எந்தப் பக்கம் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை உண்டா? செல்பேசியை அணைத்தவர் கண்ணையும் சேர்த்து அணைத்துவிட்டீர்கள். அப்படி அலைந்தால் கால்தான் வலிக்கும்.

நேராகப் போகிறோம் என்ற நினைப்பை நம்பவே கூடாது. 2009ல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மனியக் காட்டில் ஆட்களை நேராக நடக்கச் சொன்னார்கள். வெயிலில் ஏறத்தாழ நேராகவே நடந்தார்கள். மேகம் மூடிய நாளில் வட்டமடித்து, தாங்கள் வந்த தடத்தையே கடந்தார்கள், அது தெரியாமலே. சந்துகளில் இன்னும் மோசம். திருப்பங்களையெல்லாம் மனம் செங்கோணமாக எண்ணிக்கொள்ளும். 60 பாகைத் திருப்பத்தில் மூன்று முறை இடப்பக்கம் திரும்பினால் வந்த திசையைப் பார்த்தே நிற்பீர்கள். மனமோ வலப்பக்கம் பார்ப்பதாகச் சாதிக்கும்.

ஆகவே, திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் திரும்பியபின் பத்தடி போய், நின்று, முழு உடம்பையும் திருப்பிப் பாருங்கள். வரும்போது உங்கள் எதிரே நிற்கப்போவது அந்தக் காட்சிதான்; போகும்போது கண்டதெல்லாம் அதன் மறுபக்கம். நின்ற வண்டியையும் திறந்த கடையையும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். வண்டி போய்விடும், கடை கதவடைத்தால் வேறு முகமாகிவிடும். தரையின் சரிவு, சாய்ந்த மரம், மாடியின் கைப்பிடி, இவை இருக்கும். "நீல மாடியில் இடம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அது வலம். சலிப்பாகத்தான் இருக்கும். நான்காவது முனையில் விட்டுவிடத் தோன்றும். பெரும்பாலும் அங்கேதான் வழி தவறுகிறது.

தவறிவிட்டால் நடையை வேகப்படுத்தாமல், உறுதியாகத் தெரிந்த கடைசி முனைக்குப் போங்கள். "இதுதானே வழி?" என்று கேட்டால் தெரியாதவரும் தலையாட்டுவார். "ஆறு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள்.

அடுத்த முறை காலையில், நான்கு திருப்பம் மட்டும் போய் வாருங்கள். வந்ததும் நடந்ததை ஒரு தாளில் வரைந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஆற்றின் வளைவைக் குறைத்துப் போட்டிருந்தால் மனம் தளர வேண்டாம். 1976ல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் வெளியிட்ட ஆய்வில், பாரிஸிலேயே வாழ்பவர்கள் சேன் ஆற்றை அப்படித்தான் வரைந்திருந்தார்கள்.