யாருடைய விழுமியம்?

ஐயா,
நான் ஒரு நுண்கடன் நிறுவனத்தின் கிளை முகாமையாளர். தலைமையகத்தின் தந்திரோபாயத் திட்டம் தெளிவானது. ஆனால் வெளிக்கள உத்தியோகத்தர்கள் இரக்கம், உறவு என்று தங்கள் சொந்த விழுமியங்களைக் கலந்து அதைக் குழப்புகிறார்கள். செயலமர்வு நடத்தலாமா? அவர்களின் விழுமியங்களை அளக்க நல்ல வினாக்கொத்து எது?
ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

செயலமர்வை நடத்துங்கள், அல்லது விடுங்கள். வினாக்கொத்திலும் எனக்கு அக்கறையில்லை. உறவினருக்குச் சலுகை காட்டுவது பிழைதான், கண்டியுங்கள். என்னை வருத்தியது, விழுமியம் கீழே இருப்பவர்களிடம் மட்டுமே உண்டு என்பதுபோல நீங்கள் எழுதியிருப்பது. நிறுவனம் எந்த வழியில் போவது என்ற தெரிவில் மேல்மட்ட முகாமையாளரின் சொந்த விழுமியங்கள் எவ்வளவு ஆழமாகப் பங்குகொள்கின்றன என்று முகாமைத்துவ ஆய்வாளர்களான வில்லியம் குத், ரெனாட்டோ டஜியூரி இருவரும் 1965இலேயே ஹார்வர்ட் பிஸினஸ் ரிவியூ சஞ்சிகையில் எழுதிவிட்டார்கள்.

வவுணதீவுப் பக்கம் ஒரு மாமர நிழலில் நடந்த கடன் குழுக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஐந்து பெண்கள், ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தியின் கட்டுக்காசு வரவில்லை. தொகை நிறையும்வரை மற்ற நால்வரும் எழும்பக் கூடாது என்றார் உத்தியோகத்தர். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துப் பசிக்கிறது என்று அழ, அவர் வசூல் புத்தகத்திலிருந்து தலை நிமிரவேயில்லை. அதே நிறுவனத்தில், அதே திட்டத்தின் கீழ், அடுத்த கிராமத்துக்குப் பொறுப்பான பெண் உத்தியோகத்தரோ வந்த காசுக்குப் பற்றுச்சீட்டு எழுதி, வராதவளைத் தனியே சந்திப்பதாகச் சொல்லி எல்லோரையும் அனுப்பிவிடுவார். மாத முடிவில் விளக்கம் கேட்கப்பட்டது அவரிடம்தான்.

அந்நிறுவனத்தின் திட்ட அறிக்கையில் முதற்பக்கத்திலேயே 'பெண்களை வலுவூட்டல்' என்றிருந்தது. மாதாமாதம் அளந்ததோ வசூல் வீதத்தை. பதவி உயர்வு கொடுத்ததும் அதற்கே. அப்படியானால் திட்டத்தைக் குழப்பியவர் யார்? முதற்பக்கத்தை நம்பி நடந்தவரா, அதை அச்சடித்துவிட்டு வேறொன்றை அளந்தவர்களா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக உங்களை விடமாட்டேன், தம்பி. மேலிருப்பவர் எதை அளக்கிறாரோ, எதற்குப் பரிசு கொடுக்கிறாரோ, அதுவே அவருடைய விழுமியம். அதற்குத் தந்திரோபாயம் என்று பெயர் சூட்டி, களத்தில் நிற்பவளின் இரக்கத்தை மட்டும் சொந்த விழுமியம் என்று ஒதுக்குவது அநீதி. வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்ததில் வசூல் வீதத்தை மட்டும் அளக்கும் இந்த முறைக்கும் பங்குண்டு.

நீங்கள் கல்நெஞ்சர் அல்லர். அப்படியிருந்தால் இக்கடிதமே வந்திராது. மாதாந்தப் படிவத்தில் வசூல் வீதத்துக்குப் பக்கத்தில், வேறிடத்தில் கடன்பட்டு உங்கள் கட்டுக்காசைக் கட்டிய பெண்கள் எத்தனை பேர் என்றொரு நிரலைச் சேர்க்கும்படி தலைமையகத்துக்கு எழுதுங்கள். மறுத்தால், என்ன காரணம் சொன்னார்கள் என்பதை எனக்கு அறியத் தாருங்கள்.