ஏசி ரிமோட்டும் குற்ற உணர்வும்

அன்புள்ள ஐயா,

2015 வெள்ளத்தில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுத் தரைத்தளம் மூழ்கியபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இன்று அதே பகுதியில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறோம். மூன்று வயதில் மகள். ஒவ்வொரு நவம்பரிலும் வயிற்றைக் கலக்குகிறது. பிளாஸ்டிக் பை வாங்குவதை விட்டுவிட்டேன். புதுத்துணி தீபாவளிக்கு மட்டும்தான். ஆனால் மே மாதத்தில் ஏசி இல்லாமல் குழந்தை தூங்குவதில்லை. ரிமோட்டை எடுக்கும்போதெல்லாம் அவளுடைய எதிர்காலத்தை நானே கெடுப்பதுபோல இருக்கிறது. ‘நீ ஒருத்தி நிறுத்தினா உலகம் குளிர்ந்துடுமா’ என்கிறார் கணவர். நான் செய்வதற்கு ஏதாவது பொருள் உண்டா?

ந., வேளச்சேரி

அன்புள்ள ந.,

குழந்தைக்கு ஏசி போடுங்கள். சென்னையின் மே மாத இரவில் அவளைப் புழுங்க வைத்துப் பூமியைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஒரு இந்தியர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சராசரியாக 2 டன் அளவுதான். அமெரிக்கருக்கு அது 14 டன்னை ஒட்டி வரும். ஏசியும் வண்டியும் வைத்திருக்கிற நகரத்து நடுத்தர வர்க்கம் அந்த 2 டன்னைத் தாண்டியிருக்கும் என்பதும் உண்மை. நமக்குப் பொறுப்பு உண்டு. எதில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் வீண் கவலை குறையும்.

பிளாஸ்டிக் பையை விட்டது நல்ல காரியம், மழைநீர் வடிகால் அடைபடாது. ஆனால் வெப்பமயமாதல் கணக்கில் அது சிறிய தொகை. நம் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது, அதனால் உங்கள் கண் மின்கட்டண ரசீதில் இருக்கட்டும். ஏசியை 26-ல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. கோடை தொடங்கியதும் மெக்கானிக் வந்து ‘கேஸ் கம்மியாயிடுச்சு, நிரப்பிடலாம்’ என்பார். ஏசி மூடிய குழாய் அமைப்பு. எங்கோ கசிவு இருந்தால் ஒழிய வாயு குறையாது. இப்போதைய ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 வாயு ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் சுமார் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதாவது ஏறத்தாழ 290 லிட்டர் பெட்ரோலை எரித்த மாதிரி. பழைய ஏசிகளின் ஆர்-22 இதைவிட மோசம். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே வாயு நிரப்பச் சொல்லுங்கள். மெக்கானிக் சலித்துக்கொள்வார், விடாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ஒருத்தி நிறுத்தினால் பெரிதாக எதுவும் மாறாது. ஆனால் அடுக்ககமே சேர்ந்தால் மாறும். உங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் ஒரே பொது மீட்டரில்தான் ஓடும். அதற்கு மொட்டை மாடியில் சோலார் போட மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. ஒரு வருடம் நீங்கள் மட்டும் வியர்த்துக் கிடந்தாலும் இந்த அளவுக்கு மிச்சமாகாது.

வெள்ள பயத்துக்கும் பதில் உங்கள் வீட்டுக்குள் இல்லை. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்த்தான் கடலை அடைய வேண்டும். அந்தச் சதுப்பின் பெரும்பகுதியைக் கட்டடங்களும் பெருங்குடி குப்பைமேடும் விழுங்கிவிட்டன. மிச்சமிருப்பதற்கு 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. ஈரக்குப்பையைத் தனியே பிரித்து உரமாக்கினால் குப்பைமேட்டில் மீத்தேன் குறையும். கரியமில வாயுவைவிட அது இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு சூடேற்றும். உங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் ஒக்கியம் மடுவைத் தூர்வாரியாயிற்றா என்று நவம்பர் வரை காத்திராமல் ஜூலையிலேயே கேளுங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள்.

முதல் வேலை சங்கக் கூட்டம். சோலார் பேச்சை எடுத்ததும் யார் என்ன மறுப்புச் சொன்னார்கள் என்று எழுதுங்கள், சேர்ந்து பதில் தேடுவோம்.