பதில்: "எல்லாரையும் ஒண்ணாத்தானே பார்க்கிறோம்" என்கிற மாணவிகள்

வணக்கம் மேடம். உங்கள் செவிலியர் பயிற்சியின் பண்பாட்டுப் பாதுகாப்பு (cultural safety) வகுப்பில் மாணவிகள் "நாங்க யாரையும் பிரிச்சுப் பார்க்கிறதில்லையே" என்று முறைக்கிறார்கள், வடசென்னை வியாசர்பாடியிலிருந்து வரும் பெண்கள் இருவர் மட்டும் தலைகுனிந்து விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

முறைப்பு புதிதல்ல. இந்தக் கருத்தைக் கொண்டுவந்தவர் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். 1992-ல் நியூசிலாந்து செவிலியர் மன்றம் இதைப் பாடத்தில் சேர்த்தபின் பத்திரிகைகள் வரை சண்டை போனது. நோயாளியின் சடங்குகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை அவர். செவிலியர் தன் அதிகாரத்தைத் தானே பார்க்க வேண்டும். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். ஆகவே "முஸ்லிம் நோயாளி இப்படி, மீனவர் அப்படி" என்ற ஸ்லைடுகளைத் தூக்கிவிடுங்கள் (அவை பரீட்சைக்கு மட்டும் வசதி).

பதிலாக, டியூட்டி மாறும்போது வார்டில் காதில் விழும் வாக்கியங்களைப் பெயரில்லாமல் எழுதிவரச் சொல்லுங்கள். "குப்பத்து கேஸ்", "சொன்னா கேக்காது", இப்படித்தான் வரும். ஒன்றை எடுத்துக் கிளறுங்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா சர்க்கரை மாத்திரைக்கு வரவில்லை என்றால், மீன் ஏலம் விடிவதற்குள், எடுத்த மீனை விற்பதும் ஓபியும் காலையில், எதை விடுவார்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது வீட்டில் காசு எப்படி இருக்கும்? "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிய கைக்கும் இங்கே பொறுப்பு உண்டு.

அந்த இருவரையும் "உங்க ஏரியா அனுபவம் சொல்லுங்க" என்று எழுப்பவே வேண்டாம். பேசுவதானால் அவர்களே பேசட்டும். வார்டு சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குறிப்புகளைப் புகார் என்று எடுத்துக்கொள்வார்.