சொட்டும் வாட்டர் பம்ப்: வாசகர் கேள்விகள், பட்டறைப் பதில்கள்

இந்த முறை வாட்டர் பம்ப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். வெளியே பெல்ட் ஓடி, பம்பின் முகத்திலேயே ஃபேன் பூட்டிய பழைய எஞ்சின்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்களைச் சொல்கிறோம். டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் பம்ப் ஒளிந்திருக்கும் வண்டிக்காரர்கள் கடைசிக்கு முந்தைய கேள்வியைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்கவும்.

கேள்வி: காலையில் வண்டிக்கு அடியில் கூலன்ட் தேங்கி நிற்கிறது. பம்ப் போய்விட்டதா, ரேடியேட்டர் ஓட்டையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொட்டு விழும் இடம் பெரும்பாலும் பொய் சொல்லும். ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஃபேன் காற்று கசிவைப் பின்னால் விசிறியடிக்கும். மேலே தெர்மோஸ்டாட் மூடியிலிருந்து ஒழுகுவதும் ஹீட்டர் ஹோஸ் கசிவதும் பம்பின் மேல் வழிந்து, பம்ப்தான் கசிகிறது என்று நினைக்க வைக்கும். எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, எஞ்சினைச் சூடாக்கி அணைத்த பிறகு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். அணைத்த சில நிமிடங்களில் சிஸ்டத்தின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். கசிவு தன்னைக் காட்டிக்கொள்ளும் நேரம் அதுதான்.

பம்ப் உடலின் அடிப்பக்கத்தில், தண்ணீரைத் தடுக்கும் சீலுக்கும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே, பென்சில் நுனி அளவில் ஒரு துளை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்காகவே வைத்த துளை. அதற்குக் கீழே வெள்ளையாகவோ துரு நிறத்திலோ உப்புப் படிந்து கோடு இழுத்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். அந்தத் துளையை எம்-சீல் என்ற ஒட்டும் பசை வைத்து அடைக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும். தண்டு ஆடத் தொடங்கி, ஒரு நாள் ஃபேனே ரேடியேட்டருக்குள் போய் நிற்கும்.

இன்னொரு சோதனை: பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஃபேனின் எதிரெதிர் இறக்கைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கையில் தட்டுப்படும்படி ஆடினால் பேரிங் முடிந்தது. மெதுவாகச் சுற்றும்போது மணல் அரைபடுவது போல இருந்தாலும் அதே தீர்ப்பு. எஞ்சின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ, ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வந்தாலோ எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். பம்பை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: வீட்டிலேயே மாற்றப் போகிறேன். முதலிலிருந்து முறையாகச் சொல்ல முடியுமா?

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து கூலன்ட்டை அகலமான தட்டில் பிடியுங்கள். பிடித்ததைத் திறந்து வைக்காதீர்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே போனாலும் உயிர் போய்விடும். மூடி போட்ட கேனில் ஊற்றி உடனே எடுத்து வையுங்கள்.

பெல்ட்டைத் தளர்த்தும் முன்பே ஃபேன் புல்லியின் போல்ட்டுகளை ஒரு சுற்று இளக்கிவிடுங்கள். இறுகிய பெல்ட்டே புல்லியைப் பிடித்துக்கொள்ளும். பெல்ட் போன பிறகு ஒரு கையால் புல்லியையும் மறு கையால் ஸ்பேனரையும் பிடித்துப் போராட வேண்டியிருக்கும். நடுவே ஒரே பெரிய நட்டில் பிடித்த ஃபேன் கிளட்ச் என்றால், அது இடது மரையா வலது மரையா என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகி வைப்பது நல்லது. ஸ்பேனர் நழுவி ரேடியேட்டர் ஃபின்னில் பட்டால் வேலை இரண்டாகிவிடும்.

ஹோஸ் வராமல் அடம்பிடித்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். முதலில் திருகிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். புது ஹோஸ் வாங்கிவிடலாம், ரேடியேட்டரின் கழுத்து முறிந்தால் அவ்வளவு சுலபமில்லை.

போல்ட்டுகளைக் கழற்றும் முன் ஒரு அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்துகொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்கள். ஒரே பம்பில் இரண்டு மூன்று நீளப் போல்ட் இருப்பது சகஜம். நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு இறுக்கினால் அடியில் முட்டி பிளாக்கில் விரிசல் விழலாம். குட்டையை நீளத் துளையில் போட்டால் இரண்டு மரை மட்டும் பிடித்து, அலுமினிய மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். வெளியே வந்த போல்ட்டின் நுனியையும் பாருங்கள். துருவும் ஈரமுமாக வந்தால் அந்தத் துளை தண்ணீர்ப் பாதைக்குள் திறக்கிறது என்று அர்த்தம். அதன் மரையில் சீலன்ட் தடவித்தான் திரும்பப் பூட்ட வேண்டும். பம்ப் பூட்டிய பிறகும் கசிகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

புதுப் பம்பை எஞ்சினில் வைத்துப் பார்க்கும் முன் பழையதன் பக்கத்தில் வையுங்கள். இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) உயரம், புல்லி உட்காரும் ஃபிளாஞ்சின் உயரம், ஹோஸ் வாய்களின் விட்டம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இம்பெல்லர் இறக்கைகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்பதை மறக்காமல் பாருங்கள். ஒரே எஞ்சினில் வி-பெல்ட் வைத்த வண்டிக்கும், பெல்ட்டின் முதுகு பட்டு எதிர்த்திசையில் சுற்றும் வண்டிக்கும் தனித்தனிப் பம்ப் உண்டு. இரண்டுக்கும் போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தும். மாறிப் போட்டால் தண்ணீர் ஓட்டம் படுத்துவிடும்.

இனி பழைய பேக்கிங்கை, அதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் கேஸ்கெட்டைச் சுரண்டுவது. இந்த வேலையின் பாதி நேரம் இதற்குத்தான், சலித்துப் போய் விட்டுவிடுவதும் இதைத்தான். துளை வாயில் துணியை அடைத்துவிட்டு அகலமான ஸ்க்ரேப்பரைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். அலுமினிய முகத்தில் கம்பிச் சக்கரம் ஓட்டாதீர்கள், பள்ளம் விழும். விரல் நகத்தை முகத்தில் இழுத்துப் பாருங்கள். எங்காவது நகம் தட்டினால் அங்கே இன்னும் பேக்கிங் ஒட்டியிருக்கிறது, அல்லது அரிப்புக் குழி இருக்கிறது. மேலோட்டமான குழியைச் சீலன்ட் நிரப்பிவிடும். உள்ளே தண்ணீர்ப் பாதையிலிருந்து வெளி விளிம்புவரை நீளும் குழிக்கு மெட்டல் எபாக்ஸியோ லேத் பட்டறையோதான் வழி. கடைசியில் தின்னர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள்.

பேப்பர் கேஸ்கெட் என்றால் இரண்டு பக்கமும் மெல்லிய சீலன்ட் பூச்சு போதும். கேஸ்கெட்டே இல்லாமல் சீலன்ட் மட்டும் கேட்கும் பம்ப் என்றால் 2 முதல் 3 மி.மீ. கனத்தில் ஒரே கோடாக, ஒவ்வொரு போல்ட் துளையின் உட்பக்கமாகச் சுற்றி வாருங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் ரேடியேட்டர் குழாயில் சிக்கும். எல்லாப் போல்ட்டையும் கையால் உட்காரவைத்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். சர்வீஸ் புத்தகத்தின் அளவே முதல் அளவு. அது கிடைக்காவிட்டால் அலுமினியத்தில் பூட்டும் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 20. சாதாரண ராட்செட்டால் ‘கை கணக்கில்’ இறுக்குபவர்கள் 6 மி.மீ. போல்ட்டில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

பெல்ட் போடும் முன் தண்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இம்பெல்லர் எங்கும் உரசக் கூடாது. சீலன்ட் உலர டியூபில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காத்திருங்கள், பல வகைகளுக்கு அது ஒரு நாள். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஒரு நொடி கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம். சீலின் முகங்களுக்கு ஈரம்தான் மசகு, காய்ந்து ஓடினால் புதுச் சீல் அங்கேயே கருகிவிடும்.

கையோடு தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடுங்கள் என்பது எங்கள் கட்சி. எப்படியும் தண்ணீர் இறக்கிவிட்டீர்கள். அதன் ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்க வேண்டும். காற்று போகும் சிறு துளை இருந்தால் அது மேலே வர வேண்டும்.

கேள்வி: போல்ட் தலை முறிந்து, தண்டு பிளாக்கிலேயே நின்றுவிட்டது.

ஒரு சென்டிமீட்டராவது வெளியே நீண்டிருந்தால் அதிர்ஷ்டம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்கி, வைஸ் கிரிப்பால் இறுகப் பிடித்து முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் நகர்த்துங்கள், பிறகு தளர்த்துங்கள். முன்னும் பின்னுமாக, பொறுமையாக. அதற்கும் மசியாவிட்டால் மேலே ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்பலாம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்.

முகத்தோடு முகமாக முறிந்திருந்தால் சென்டர் பஞ்ச்சால் சரி நடுவில் குறியிட்டு, 3 மி.மீ. டிரில்லில் தொடங்குங்கள். நடு விலகினால் டிரில் மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். முறிந்த போல்ட்டைப் பிடித்து வெளியே எடுக்கும் ஸ்டட் எக்ஸ்ட்ராக்டரை மிகவும் நிதானமாகத் திருப்புங்கள். அது உள்ளே முறிந்தால் டிரில் அதைத் தொடக் கூட முடியாது, மிகக் கடினமான எஃகு. மரை கெட்டுப்போனால் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போட்டுச் சரிசெய்யலாம், பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

கேள்வி: பம்ப் மாற்றியாயிற்று. ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது, டெம்பரேச்சர் முள் ஏறி ஏறி இறங்குகிறது.

உள்ளே காற்று அடைத்திருக்கிறது. காற்றுக் குமிழி சென்சாரைத் தாண்டும்போதெல்லாம் முள் கூத்தாடும். வண்டியின் மூக்கு உயரும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து மெதுவாக நிரப்புங்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொண்டே ஊற்றினால் குமிழி களுக் களுக்கென்று வெளியே வரும். காற்று நீக்கும் திருகு இருக்கும் எஞ்சினில் அதைத் திறந்து, குமிழி நின்று ஒழுங்காக நீர் வரும்வரை ஊற்ற வேண்டும்.

பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சுமார் 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் தெர்மோஸ்டாட் திறக்கும், அதுவரை வெதுவெதுப்பாக இருந்த ஹோஸ் சட்டென்று கை வைக்க முடியாத சூடாகும். அந்த நேரம் மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். மூடி போட்டு ஒரு சுற்று ஓட்டி, மறுநாள் காலை எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது மட்டத்தை மறுபடி பாருங்கள். முதல் சில நிமிடங்களில் புதுப் பம்பின் துளையில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் பதற வேண்டாம், சீல் முகங்கள் ஒன்றுக்கொன்று படிய அவ்வளவு நேரம் ஆகும். மறுநாளும் சொட்டினால் பம்ப் சரியில்லை.

கேள்வி: புதுப் பம்ப் சில மாதத்திலேயே கத்த ஆரம்பித்தது. கம்பெனி மட்டமா?

இருக்கலாம். ஆனால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். கிறீச்சிடும் பெல்ட்டை அடக்க ஆல்டர்னேட்டரைக் கடப்பாரையால் நெம்பி இறுக்குவது பம்ப் பேரிங்கை நேராகக் கொல்லும் வழி. இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டைப் பெருவிரலால் பலமாக அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. அமுங்க வேண்டும். புது பெல்ட் கொஞ்சம் நீளும், ஆகவே ஒரு சில நாள் ஓட்டியபின் திரும்ப ஒருமுறை பாருங்கள். அடுத்த சந்தேகம் ஃபேன். ஓர் இறக்கையின் ஓரம் உடைந்திருந்தாலோ, ஃபேன் கிளட்ச் ஆடினாலோ அந்த அதிர்வு முழுவதையும் பம்ப் தண்டுதான் வாங்கும். புல்லியைச் சுத்தியலால் தட்டி ஏற்றியிருந்தாலும் பேரிங் அன்றே காயப்பட்டிருக்கும்.

மூன்றாவது சந்தேகம் தண்ணீர். குழாய் நீரை மட்டும் ஊற்றி ஓட்டினால் உள்ளே துருவும் சுண்ணாம்பும் உண்டாகி, அந்தத் துகள் சீலின் முகங்களுக்குள் புகுந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி சேர்த்தால் உறைநிலை சுமார் மைனஸ் 37 டிகிரிக்கு இறங்கும், கொதிநிலையும் ஏறும், துருத் தடுப்பும் கிடைக்கும். ஏற்கெனவே கலந்து விற்பதை மறுபடி நீர்க்க விடாதீர்கள். நிறத்தை நம்பி வேறு வகையோடு கலக்கவும் கூடாது, நிறம் எந்தத் தரத்துக்கும் அடையாளம் இல்லை. சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும்.

கேள்வி: என் வண்டியில் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுழற்றுகிறது. இதையும் வீட்டில் செய்யலாமா?

டைமிங் குறிகளை ஒத்துப் பார்க்கவும் பூட்டவும் தெரிந்தால் செய்யலாம். பல எஞ்சின்களில் ஒரு பல் தவறினாலே ஓட்டம் கெடும், அதிகம் தவறினால் பிஸ்டன் வால்வை வளைத்துவிடும். கிராங்க், கேம் இரண்டின் குறிகளையும் நிறுத்திவிட்டுத்தான் பெல்ட்டைத் தொட வேண்டும். பூட்டியபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பவும் நேர்படுகின்றனவா என்று பாருங்கள். நடுவில் எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். சில எஞ்சின்களில் பம்பையே சற்றுத் திருப்பித்தான் பெல்ட்டை இறுக்க வேண்டும், அவற்றில் பம்ப் போல்ட்டுகளைக் கடைசியில் இறுக்குங்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய பம்பை விட்டு புது பெல்ட் போட்டால், பம்ப் கசிந்த அன்றே அந்த பெல்ட்டும் நனைந்து வீண்.

கேள்வி: ரேடியேட்டரில் போடும் கசிவு அடைக்கும் பவுடர் போட்டுச் சமாளிக்கலாமா?

வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க மட்டும். தண்டு சுழலும் இடத்தில் தேய்ந்த சீலை எந்தப் பவுடரும் அடைக்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும்தான் அடைக்கும். போட்டிருந்தால், புதுப் பம்ப் பூட்டும் முன் ஹோஸ் வைத்து இரு திசையிலும் நீர் தெளிவாக வரும்வரை சிஸ்டத்தைக் கழுவுங்கள்.